ஈரம் பார்த்து ஊற்றுங்கள்

வீட்டு உலையில் உலோகம் வார்ப்பது பற்றி வாசகர்கள் கேட்டவையும் பதில்களும்

கே: கொல்லைப்புறத்தில் சின்ன உலை வைத்து வார்ப்பு வேலை பழக ஆசை. எந்த உலோகத்தில் தொடங்கலாம்? (தாராபுரம்)

ப: அலுமினியத்தில். 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மரக்கரியும் ஒரு சிறு பிளோயரும் போதும். செம்புக்கு 1085 டிகிரி வேண்டும், வார்ப்பிரும்புக்கு 1150-க்கு மேல். அவை இரண்டும் பிறகு.

அலுமினியம் என்று முடிவு செய்தால் மட்டும் போதாது, எந்த அலுமினியம் என்பது முக்கியம். காயலான் கடையில் பழைய பைக் பிஸ்டன், சிலிண்டர் ஹெட், கிராங்க் கேஸ் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே வார்த்துச் செய்த பொருள்கள் அவை. சிலிக்கான் கலந்திருப்பதால் உருகியதும் நன்றாக ஓடும், அச்சின் மூலை முடுக்கெல்லாம் போய் நிரம்பும். ஜன்னல் சட்டத் துண்டுகள் சுலபமாகக் கிடைக்கும்; ஆனால் அவை டையில் அழுத்தி நீட்டுவதற்கென்று செய்த கலவை. வார்த்தால் ஓட்டம் குறையும், ஆறும்போது விரிசல் விடும்.

ஒரு எச்சரிக்கை: சில எஞ்சின் கவர்கள் மக்னீசியக் கலவை. பார்வைக்கு அலுமினியம் போலவே இருக்கும், கையில் எடுத்தால் எடை இன்னும் குறைவு. ஓர் இடத்தைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் தனியே வைத்துவிடுங்கள், உலைப் பக்கமே கொண்டுவராதீர்கள். மக்னீசியம் தீப்பிடித்த பிறகு தண்ணீர் ஊற்றினால் இன்னும் ஆவேசமாக எரியும்.

கே: குளிர்பான டின்கள் ஒரு மூட்டை சேர்த்து வைத்திருக்கிறேன். உருக்கலாமா? (காரைக்கால்)

ப: எடைக்குப் போட்டு அந்தக் காசில் பிஸ்டன் வாங்குங்கள். டின் தகடு மெல்லியது. எடையோ கொஞ்சம், மேற்பரப்போ அதிகம்; அந்த மேற்பரப்பு முழுக்க ஆக்சைடு, வெளியே பெயின்ட், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. உருக்கினால் கணிசமான பங்கு கசடாகிவிடும். மிச்சத்துக்கு நீங்கள் எரித்த கரி கட்டுப்படியாகாது.

கே: எங்கப்பா பீளமேட்டுல ஒரு பவுண்டரியில மோல்டரா இருந்து ரிட்டையர் ஆனவருங்க. அங்க மணல் கன்னங்கரேல்னு இருக்கும். வீட்டுல அதே மாதிரி மணல் எப்படித் தயார் பண்றதுங்க? (கோவை)

ப: அந்தக் கறுப்பு நிலக்கரித் தூளால் வந்தது. வார்ப்பிரும்பு ஊற்றும் மணலில் அதைக் கலப்பார்கள். சூடு பட்டதும் வாயுவாகி, இரும்புக்கும் மணலுக்கும் நடுவே படலமாக நின்று, மணல் இரும்போடு ஒட்டிக்கொள்ளாமல் காக்கும். அலுமினியத்துக்கு அது தேவையில்லை. மணல், பென்டோனைட் என்னும் களி, தண்ணீர் மூன்றும் போதும்.

சலித்துக் காயவைத்த நைஸ் மணல் 10 கிலோ, பென்டோனைட் 1 கிலோ, தண்ணீர் 300 முதல் 400 மில்லி. பென்டோனைட்டைத் தேடி அலைய வேண்டாம்: எர்த்திங் குழியில் போடுவதும் போர்வெல் துளைக்கும்போது சேறாகக் கரைத்து விடுவதும் அதுதான். வேறெதுவும் கலக்காத சுத்தமான பொடியாகக் கேட்டு வாங்குங்கள். கடல் மணல் வேண்டாம். உப்பு களியின் பிடிப்பைக் கெடுத்துவிடும். முதலில் பொடியையும் மணலையும் காய்ந்தபடியே கலந்து, பிறகு தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசறி, ஈரச் சாக்குப் போட்டு ஓர் இரவு மூடி வையுங்கள். களி தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும்.

மறுநாள் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். பதம் புட்டு மாவைவிட ஒரு படி இறுக்கமாக இருக்க வேண்டும். கையை விரித்தால் விரல் பதிந்த தடம் கட்டியில் கோடு கோடாகத் தெரிய வேண்டும், உள்ளங்கையில் மணல் ஒட்டியிருக்கக் கூடாது. கட்டியை இரு நுனியிலும் பிடித்து ஒடித்தால் நடுவில் கூர்மையான விளிம்போடு இரண்டாக வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை. கை பிசுபிசுத்தால் தண்ணீர் கூடிவிட்டது. பரப்பிக் காற்றாட விடுங்கள். இந்தப் பதத்தை உங்கள் அப்பாவின் கை ஒரே பிடியில் சொல்லிவிடும். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். எத்தனை பேருக்குக் கிடைக்கும் அப்படி ஒரு வாத்தியார்!

கே: நாச்சியார்கோவிலில் பத்தர்கள் காவிரி வண்டலில்தானே குத்துவிளக்கு வார்க்கிறார்கள்? நமக்கும் ஆற்று வண்டலே போதாதா? (கும்பகோணம்)

ப: போதும், நல்ல வண்டல் வாய்த்தால். அந்த மண்ணில் நைஸ் மணலும் களியும் ஆறே கலந்து கொடுத்தது போல் சேர்ந்திருக்கும். பென்டோனைட் சேர்க்காமலேயே பிடிக்கும். துகள் மிக நுண்ணியது என்பதால் வார்த்த பொருளின் மேனி வழவழவென்று வரும். காற்று வெளியேறும் வழி குறைவு என்பதுதான் அதில் சிக்கல். அதனால் இடித்து இறுக்குவதில் அளவு தெரிய வேண்டும், வென்ட் துளைகளும் கூடுதலாகக் குத்த வேண்டும். பத்தர்களின் கைக்கு அந்த அளவு பழகிப்போனது.

இங்கிலாந்தில் ஏப்ரஹாம் டார்பி மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு 1707-இல் காப்புரிமை வாங்கினார். ஏழை வீட்டு அடுப்புக்கும் கட்டுப்படியாகும் விலையில் பானை செய்ய வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதே மணல் வேலையை நம் ஊர்க்காரர்கள் இன்றும் செய்கிறார்கள். உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். ஒரு நாள் போய், அனுமதி கேட்டு, ஓரமாக நின்று பாருங்கள். எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பாடம் அது.

கே: உருகிய உலோகமும் தண்ணீரும் சேரவே கூடாது என்கிறார்கள். அப்புறம் ஈர மணலில் ஊற்றினால் மட்டும் எப்படி வெடிக்காமல் இருக்கிறது? (மணப்பாறை)

ப: இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்தவர் மட்டும் உலையைப் பற்றவைத்தால் போதும் என்பேன்.

தண்ணீர் ஆவியானால் சுமார் 1700 மடங்கு இடம் கேட்கும். அந்த ஆவிக்குப் போக வழி இருக்கிறதா இல்லையா என்பதுதான் எல்லாம். மணல் அச்சில் இருக்கும் தண்ணீர் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்குதான். அதுவும் களியோடு சேர்ந்து ஒவ்வொரு மணியின் மேலும் மெல்லிய பூச்சாக இருக்கிறது. சூடு பட்டதும் ஆவியாகி மணிகளுக்கு இடையே உள்ள சந்து வழியாக வெளியேறிவிடும். ஊற்றிய சில நொடிகளில் அச்சின் தலையில் வெள்ளையாக ஆவி கிளம்புவதைப் பார்க்கலாம். அது நல்ல அறிகுறி. அந்த வழியை இன்னும் திறந்துவிடத்தான் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியால் அச்சின் மேல் பெட்டியில் துளைகள் குத்துகிறோம்.

உலோகத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீருக்கு அப்படி வழி கிடையாது. உருகிய அலுமினியத்துக்குள் ஈரமான துண்டு ஒன்றைப் போட்டால், அது மூழ்கிய இடத்தில் ஆவி பிறக்கும். மேலே இருக்கும் உலோகம் முழுவதையும் தூக்கி எறிந்துகொண்டுதான் வெளியே வரும், உங்கள் முகத்தை நோக்கி. மழைக்காலத்தில் வெளியே கிடந்த பிஸ்டனின் ஒரு சிறு துளைக்குள் இருக்கும் துளி போதும். எனவே சேர்க்கப்போகும் ஒவ்வொரு துண்டையும் உலை விளிம்பில் வைத்துச் சூடாக்கிவிட்டே உள்ளே இறக்குங்கள். கிளறும் கம்பி, கசடு வாரும் கரண்டி, மிச்ச உலோகத்தை ஊற்றும் அச்சு, எல்லாவற்றுக்கும் இதே விதி.

சிமென்ட் தரையில் நின்று ஊற்றாதீர்கள். கான்கிரீட் காய்ந்தது போல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் வைத்திருக்கும். உலோகம் சிந்தினால் அந்த இடம் பெயர்ந்து தெறிக்கும். ஒரு சாண் கனத்துக்குக் காய்ந்த மணலைப் பரப்பி அதன் மேல் வேலை செய்யுங்கள்.

கே: அடுக்குமாடி பால்கனியில் செய்யலாமா? (வேளச்சேரி, சென்னை)

ப: கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. உலோகம் உருக்கும் மூசை கவிழ்ந்தால் நீங்கள் பின்வாங்க இடமும் கிடையாது. ஊரில் தோட்டம் உள்ள நண்பரைப் பிடியுங்கள்.

கே: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் மணலும் கலந்து வாளிக்குள் ஊற்றி உலை செய்தேன். நாலு முறை மூட்டுவதற்குள் பொடிந்துவிட்டது. என்ன தப்பு? (நாகர்கோவில்)

ப: உங்கள் கைவேலையில் தப்பில்லை, பொருளில்தான். பிளாஸ்டர் இறுகுவதே தண்ணீரைத் தனக்குள் கட்டிக்கொண்டுதான். சூடேறினால் அந்தத் தண்ணீர் போய்விடும், கூடவே பிடிப்பும் போய்விடும். இன்சுலேஷன் ஃபயர் பிரிக் வாங்கி, வட்டமாக அடுக்கி, தகரத்தால் சுற்றிக் கட்டுங்கள். செராமிக் ஃபைபர் பிளாங்கெட் இன்னும் நல்லது, சீக்கிரம் சூடேறும். ஆனால் அதன் இழை நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி போட்டுக்கொண்டு வெட்டி, உள்பக்கம் முழுவதும் ஃபயர் சிமென்ட் பூசி மூடிவிட வேண்டும். புது உலையை முதல் நாள் சின்ன நெருப்பில் மணிக்கணக்காகக் காயவைத்த பிறகுதான் முழுச் சூடு.

எரிபொருளுக்குச் சீமைக் கருவேலங்கரி நன்றாக நின்று எரியும். எல்பிஜி பர்னர் வைப்பவர்கள் வணிகச் சிலிண்டர் எடுங்கள். வீட்டுச் சிலிண்டரைச் சமையல் அல்லாத வேலைக்குப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை.

கே: மூசை விலை அதிகம். பழைய எவர்சில்வர் டம்ளரில் உருக்கினால் என்ன? (பண்ருட்டி)

ப: உருகிய அலுமினியம் எவர்சில்வரில் உள்ள இரும்பைக் கரைத்துத் தின்னும். ஒவ்வொரு முறையும் சுவர் மெலிந்து, ஒரு நாள் தூக்கும்போது அடி கழன்றுவிடும். கரைந்த இரும்பு அலுமினியத்தையும் மொறமொறப்பாக்கும். கிராஃபைட் மூசையே வாங்குங்கள். வாங்கியதைச் சிறு சூட்டில் ஈரம் போகக் காயவையுங்கள். துண்டுகளை உள்ளே நெருக்கித் திணிக்காதீர்கள். சூட்டில் விரியும் துண்டு மூசையைப் பிளந்துவிடும். வேலை முடிந்ததும் மிச்ச உலோகத்தை உள்ளேயே உறைய விடாதீர்கள். அடுத்த முறை சூடேற்றும்போது அதுவும் விரியும்.

கே: இன்ஃப்ராரெட் துப்பாக்கியில் 300 டிகிரி காட்டுகிறது. உலோகமோ தண்ணீராக நிற்கிறது! (ஓசூர்)

ப: கருவி பழுதில்லை. பளபளப்பான அலுமினியம் அகச்சிவப்புக் கதிரை மிகக் குறைவாகவே வெளிவிடும்; அதனால் கருவி ஏமாந்துபோகிறது. கண்ணும் உதவாது: பகல் வெளிச்சத்தில் 700 டிகிரி அலுமினியம் சிவக்காமல் வெள்ளியாகவே நிற்கும். ‘ஆறிவிட்டது’ என்று நினைத்துத் தொட்டவர்கள் உண்டு. கே-டைப் தெர்மோகப்பிள் வாங்குங்கள். 700-க்கும் 750-க்கும் நடுவே ஊற்றுங்கள்.

கே: அறுத்துப் பார்த்தால் உள்ளே ஊசி குத்தியது போல் ஒரே துளைகள். (சிவகாசி)

ப: இங்கேயும் தண்ணீர்தான். உருகிய அலுமினியம் ஈரத்தில் உள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனை உள்ளே கரைத்துக்கொள்ளும். உறையும் கணத்தில் ஹைட்ரஜனைத் தாங்கும் அதன் கொள்ளளவு ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காகச் சுருங்கும். இடமில்லாத ஹைட்ரஜன் குமிழாகி அங்கேயே மாட்டிக்கொள்கிறது. சூடு கூடக் கூடக் கரைவதும் கூடும். எனவே உருகியதும் ஊற்றிவிட வேண்டும். அச்சைத் தயாராக வைத்துவிட்டு உலையை மூட்டுங்கள். உலோகத்தைக் காக்க வைத்துவிட்டு அச்சு செய்யாதீர்கள். கிளறிக்கொண்டே இருப்பதும் ஆகாது.

கே: வெளியே அழகாக வருகிறது. லேசாகத் தட்டினால் பிஸ்கட் மாதிரி உடைகிறது. உலோகம் மோசமா? (திருப்பூர்)

ப: உலோகத்தைக் குறை சொல்லும் முன் ஊற்றும் கையைப் பாருங்கள். வீட்டில் வார்ப்பவர்கள் உலையைப் பற்றி மாதக்கணக்கில் பேசுகிறார்கள். ஊற்றும் சில நொடிகளைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

மூசையின் மேல் கசடை ஒதுக்கிவிட்டுக் கவனியுங்கள். கண்ணாடி போல் ஒரு கணம் பளிச்சிடும், உடனே மங்கிவிடும். அந்த மங்கல்தான் ஆக்சைடு தோல். காற்றுப் பட்ட நொடியிலேயே பிறந்துவிடும். அது மேலே இருக்கும்வரை உலோகத்துக்குப் பாதுகாப்பு. அலை எழும்பி மடிந்தால் தோலும் மடியும். இரண்டு மடிப்பின் காய்ந்த முகங்களும் ஒன்றையொன்று பார்த்தபடி உள்ளே போய்விடும். அவை ஒட்டவே ஒட்டாது. உறைந்த பிறகு அது விரிசல்தான், வெளியே தெரியாத விரிசல். தட்டியதும் உடைவது அந்தக் கோட்டில்தான்.

பர்மிங்காம் பேராசிரியர் ஜான் கேம்ப்பெல் தன் ஆய்வுக் காலத்தின் பெரும் பகுதியை இதற்குச் செலவிட்டார். உருகிய அலுமினியம் அச்சுக்குள் நொடிக்கு அரை மீட்டருக்கு மேல் வேகமாகப் பாய்ந்தால் இந்த மடிப்பு தொடங்கிவிடும் என்பது அவர் சொன்ன கணக்கு. அரை மீட்டர் வேகம் எடுக்க எவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும் தெரியுமா? வெறும் 12.5 மில்லிமீட்டர். உங்கள் சுண்டுவிரல் அகலம்! ஒரு சாண் உயரத்திலிருந்து நாம் அலட்சியமாக ஊற்றும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வழி இருக்கிறது. மூசையின் மூக்கை அச்சின் வாய்க்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு நெருக்கம் வையுங்கள். உலோகம் இறங்கும் ஸ்ப்ரூ துளை மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருக்கட்டும். விழும் ஓடை தானாகவே மெலியும் என்பதால், துளையும் கூடவே மெலிந்தால்தான் காற்று புகாது. குழாய் வெட்டிக் குத்திய நேரான துளை காற்றையும் சேர்த்து உறிஞ்சும். இறங்கிய உலோகத்தை நேராகப் பொருளின் மேல் விழவிடாமல், ரன்னர் வழியாகப் படுக்கையாக ஓடவைத்து, கேட் வழியாகக் கீழிருந்து மேலே நிரம்பச் செய்யுங்கள். ஊற்றத் தொடங்கினால் நிறுத்தாதீர்கள். ஸ்ப்ரூ கடைசிவரை ததும்பி நிற்க வேண்டும். ஒரு நொடி தயங்கினாலும் காற்று உள்ளே போய்விடும்.

கே: கனமான பாகத்தின் தலையில் குழி விழுகிறது. (ஈரோடு)

ப: அலுமினியம் உறையும்போது சுமார் 6 சதவீதம் சுருங்கும். கனமான இடம் கடைசியில் உறையும். அதற்குள் சுற்றிலும் உள்ளது இறுகிவிட்டிருக்கும், கடன் கொடுக்க ஆளில்லை. அந்தப் பாகத்தை ஒட்டி அதைவிடக் கனமான ரைசர் ஒன்று வையுங்கள். குழி ரைசரில் விழும், அறுத்துப் போட்டுவிடலாம்.

கே: மகள் 3டி பிரிண்டரில் கியர் மாதிரி ஒன்றைச் செய்து தந்திருக்கிறாள். அப்படியே பேட்டர்னாக வைக்கலாமா? (திருநெல்வேலி)

ப: தாராளமாக. அளவை 1.3 சதவீதம் பெரிதாக்கி மறுபடி பிரிண்ட் செய்யச் சொல்லுங்கள், ஆறியபின் சரியாக வரும். பக்கங்கள் இரண்டு டிகிரி சாய்ந்திருந்தால்தான் மணலைப் பெயர்க்காமல் வெளியே எடுக்க முடியும். அடுக்கு வரிகளை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடியுங்கள். மேல் பெட்டி கீழ் பெட்டி ஒட்டாமலிருக்க டால்க் பவுடர் தூவுங்கள். சோளமாவுப் பவுடர் வேண்டாம், ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

கே: என் கணவர் ஞாயிறு தோறும் கைலி, ரப்பர் செருப்போடு உலை முன் நிற்கிறார். சொன்னால் கேட்பதில்லை. நீங்களாவது எழுதுங்கள். (காரைக்குடி)

ப: எழுதிவிட்டேன் அம்மா, பக்கத்தை மடித்துக் காட்டுங்கள். ஐயா, உருகிய உலோகம் செருப்புக்குள் விழுந்தால் கழற்றுவதற்குள் எலும்பைத் தொட்டுவிடும். தோல் பூட்ஸ், அதன் வாயை மூடியபடி வெளியே தொங்கும் கனமான பருத்திப் பேன்ட், தோல் ஏப்ரன், முழங்கை வரை தோல் கையுறை, முகம் முழுவதும் மறைக்கும் ஷீல்டு. பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும், ஒரு நூல்கூட வேண்டாம். பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல். குழந்தைகள் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே. இதில் ஒன்று குறைந்தாலும் அந்த ஞாயிறு உலை வேண்டாம்.

கே: சொந்தமாகப் பணியாரக் கல் வார்த்து அம்மாவுக்குத் தர ஆசை. (தேவகோட்டை)

ப: ஆசை நல்லது, ஆனால் உணவுப் பாத்திரம் வேண்டாம். காயலான் கடை அலுமினியத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்வையால் சொல்ல முடியாது. கேமரூனில் பழைய அலுமினியத்தில் வார்த்த சமையல் பாத்திரங்களிலிருந்து ஈயம் கசிந்து இறங்குவதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்கு வீட்டு வாசலில் மாட்டப் பெயர்ப் பலகை வார்த்துக் கொடுங்கள்.

கே: பழைய பித்தளைக் குழாய்களை உருக்கிச் சின்னதாக ஒரு பிள்ளையார்? (விருத்தாசலம்)

ப: அலுமினியத்தில் ஒரு வருஷம் கை பழகட்டும். பித்தளையில் உள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும்; பித்தளை உருகுவதே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான். வெள்ளைப் புகை எழும். அதை மூச்சில் இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் தூக்கிப்போடும். குழாய்ப் பித்தளையில் பெரும்பாலும் ஈயமும் இருக்கும். வெட்டவெளி, காற்று முதுகுப்பக்கமிருந்து வீச வேண்டும், புகைக்குரிய ஃபில்ட்டர் முகமூடி. இவை இல்லாமல் மூட்டாதீர்கள்.

கே: பாலிடெக்னிக்கில் படிக்கிறேன் அண்ணா. லேத் வாங்கப் பணமில்லை. வார்த்தே ஒரு லேத் செய்ய முடியுமா? (அரக்கோணம்)

ப: முடியும் தம்பி, செய்து காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் டேவ் ஜிஞ்சரி என்பவர் கரி உலையில் தொடங்கி, பழைய அலுமினியத்தை மணலில் வார்த்து, லேத், ஷேப்பர், மில்லிங் மெஷின், டிரில் பிரஸ் என்று ஒரு பட்டறையையே எப்படிக் கட்டுவது என்று ஏழு புத்தகங்கள் எழுதினார். முதல் புத்தகமே கரி உலை பற்றியதுதான். அந்த வரிசையில் ஒரு அழகு உண்டு: வார்த்த பாகங்களைக் கையால் சுரண்டிச் சமன் செய்கிறோம், பாதி முடிந்த லேத் தன் மீதிப் பாகங்களைத் தானே கடைந்துகொள்ள உதவுகிறது, முடிந்த லேத் அடுத்த மெஷினுக்குக் கை கொடுக்கிறது. பொறுமைதான் உன் முதலீடு. முதலில் ஒரு கைப்பிடி, பிறகு ஒரு கப்பி, பிறகு ஒரு பிராக்கெட் வார்த்துப் பார். அறுத்து உள்ளே பார்த்து, துளையில்லாமல் மூன்றும் வந்ததும் லேத்தின் பெட்டுக்குப் போகலாம். உன் கல்லூரியில் பவுண்டரி ஷாப் இருக்கும். அங்குள்ள இன்ஸ்ட்ரக்டரிடம் போய் நில். ஆர்வமாகக் கேட்கும் பையனை அவர்கள் விடமாட்டார்கள்.

கே: ஒரு முறை ஊற்றிய மணலை என்ன செய்வது? கொட்டிவிடலாமா? (புதுக்கோட்டை)

ப: கொட்டாதீர்கள், வருஷக்கணக்கில் உழைக்கும். உலோகத்தை ஒட்டிக் கருகிய மெல்லிய அடுக்கை மட்டும் சுரண்டி எடுத்துவிடுங்கள். அங்கே களி வெந்து செத்துவிட்டது, மறுபடி பிடிக்காது. மீதியைக் கட்டி உடைத்து, சலித்து, ஒரு கைப்பிடி பென்டோனைட்டும் ஆவியாகப் போன அளவு தண்ணீரும் சேர்த்துப் பிசறி மூடி வையுங்கள். காய்ந்த மணலைச் சலிக்கும்போது என்95 முகமூடி கட்டாயம். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும், திரும்பி வராது. அதனால் முழுக்கக் காயும் வரை விடாமல், கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே சலித்துவிடுவது இன்னும் மேல்.